தேருக்குக் கழற்றிய கேபிள்

ஆடிப்பூரத் தேர் ஓடுகிற அன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளின் குறுக்கே ஒரு கம்பி இருக்கக் கூடாது. கரண்ட் கம்பியோ, டி.வி. கேபிளோ, இன்டர்நெட் கேபிளோ, எதுவானாலும் சரி, ஏணி போட்டு ஏறிக் கழற்றிச் சுருட்டிப் போஸ்ட்டோடு கட்டிவிடுவார்கள். அத்தனை பெரிய தேர் அசைந்து வரும்போது என் கேபிள் முக்கியம், உன் கேபிள் முக்கியம் என்று யார் போய் நியாயம் பேசுவது? தேர் நிலைக்கு வந்த பிறகு மறுபடியும் ஏறிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். இது அந்த ஊரில் நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். ராஜபாளையம் ஆஸ்பத்திரியின் கிளைக்கு வைஃபை போட வந்த கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியின் தலைமையிடம் ராஜபாளையத்தில். கிளை ஸ்ரீவில்லிபுத்தூரில், ரத வீதியை ஒட்டி. கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், கிளையின் வார்டுக் கூரையெல்லாம் வெள்ளைத் தட்டு வெள்ளைத் தட்டாக வைஃபை பெட்டிகளை ஒட்டினார்கள், அத்தனைக்கும் மூளையாக ஒரு கன்ட்ரோலரை ராஜபாளையத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். இரண்டையும் இணைக்கிற ஒற்றைக் கேபிளை ரத வீதியின் குறுக்கே இழுத்துக் கட்டிவிட்டுப் பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். மகராசன்கள், அந்த ஊரில் நாலு பேரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தரைக்கடியில் பதித்திருக்கலாமே என்பீர்கள். தேர் ஓடுகிற தெருவைத் தோண்ட யார் விடுவார்கள்?

போன வருஷம் தேரன்று கேபிளைக் கழற்றினார்கள். கிளையில் இருந்த வெள்ளைத் தட்டுகள் அத்தனையும் ஒரே மூச்சில் செத்துப்போயின. நோயாளிகளின் நெஞ்சில் மாட்டியிருக்கும் சின்னப் பெட்டி, இதயத் துடிப்பை வைஃபை வழியாக நர்ஸ் மேசையிலுள்ள திரைக்கு அனுப்ப வேண்டும். திரை வெறும் கறுப்பாக நின்றது. தெருவில் கோவிந்தா கோஷம், வார்டில் ஒரு பெரியவருக்குத் துடிப்பு தாறுமாறாகப் போனது யாருக்கும் தெரியவில்லை. அவர் மகன் பார்த்து அலறியதால் ஆள் பிழைத்தார். அந்த அலறல் இரண்டு ஊருக்கும் கேட்டது என்றுதான் சொல்ல வேண்டும், அப்படிப் பேசினார்கள்.

அதற்குப் பிறகுதான் மாரிச்செல்வியை வேலைக்கு எடுத்தார்கள். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் படித்து, பெங்களூரில் சில வருஷம் நெட்வொர்க் வேலை பார்த்துவிட்டு ஊர்ப்பக்கம் வந்திருந்தவள். ஆஸ்பத்திரி மேனேஜர் காசிராஜனுக்கு அவள்மேல் அரை நம்பிக்கைதான். நல்ல மனிதர், ஆனால் பயந்த சுபாவம். மதுரையில் ஒரு கம்பெனியைப் பேசி வைத்துக்கொண்டு, "இந்தத் தேர் மட்டும் பார்ப்போம்மா, பொறவு முடிவு பண்ணுவோம்" என்று அவளிடமே சொன்னார். முகத்துக்கு நேராகச் சொன்னால் யாருக்குத்தான் சுருக்கென்று இருக்காது?

கிளைக்குப் போய் முதல் வாரத்திலேயே அவள் கோளாறைக் கண்டுபிடித்துவிட்டாள். தலைமை நர்ஸ் இசக்கியம்மாளிடம் அதைச் சொன்னபோது அந்த அம்மாளால் நம்ப முடியவில்லை.

"இந்தா கெடக்கு கட்டிலு. அந்தா கெடக்கு என் மேசை. நடுவுல பத்தடி. இதுக்கு ராஜபாளையம் போயிட்டு வருதாக்கும்?"

"ஆமாக்கா. இங்க இருந்து கெளம்பி ராஜபாளையம் கன்ட்ரோலருக்குப் போயி, அங்க இருந்து திரும்பி உங்க மேசைக்கு வருது. அப்படித்தான் அமைச்சு வச்சிருக்காவ."

"கிறுக்குப் பயலுவ" என்றாள் இசக்கியம்மாள். அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது.

மாரிச்செல்வி அந்தப் பத்தடியைப் பத்தடியாக்கினாள். வார்டில் கிளம்புகிற சேதி வார்டுக்குள்ளேயே மேசைக்குப் போகும்படி மாற்றினாள். கன்ட்ரோலரோடு பேச்சு அறுந்துபோனால், கடைசியாக அது சொன்னதையே மனசில் வைத்துக்கொண்டு வெள்ளைத் தட்டுகள் தாமாக ஓடவேண்டும் என்று ஏற்பாடு செய்தாள். செய்துவிட்டுச் சும்மா இருந்தாளா? ஒரு நாள் மத்தியானம் சொல்லிக்கொள்ளாமல் கேபிளை உருவிவிட்டாள். திரை ஓடிக்கொண்டே இருந்தது. ஆனால் அப்போதுதான் டூட்டிக்கு வந்த நர்ஸின் போன் மட்டும் உள்ளே சேரமாட்டேன் என்றது. ஆள் யாரென்று விசாரிக்க அது ராஜபாளையத்தைத் தேடிக்கொண்டிருந்தது. விசாரணையையும் உள்ளூருக்கே மாற்றினாள்.

இன்னொரு நாள் உருவிப் பார்த்தாள். ஒரு தட்டை அணைத்துப் போட்டபோது, புதிதாகச் சேரவரும் கருவிக்கு, வைஃபைக்குள் அதை அடையாளம் காட்டுகிற நம்பரைக் கொடுக்க ஆளில்லை. அந்த நம்பர் கொடுக்கிற வேலையும் ராஜபாளையத்தில்தான் இருந்தது. அதையும் பிடுங்கிவந்து கிளையிலுள்ள சின்ன ரவுட்டரிடம் ஒப்படைத்தாள். ஒவ்வொரு தடவை உருவும்போதும் இசக்கியம்மாள், "ஏட்டி, சோலியப் பாக்க விடுதியா இல்லையா" என்று வைவாள். வைதுகொண்டே, கட்டிலுக்கு ஒரு நர்ஸை உட்காரவைத்து ஒத்தாசையும் செய்வாள்.

தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது யாரும் நினைக்காதது நடந்தது. மாரிச்செல்வியின் அப்பா மலைச்சாமி, பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்று தேவதானத்தில் விவசாயம் பார்க்கிறவர், ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மூத்த மகள் வீட்டுக்கு வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் இருந்தது கிளை ஆஸ்பத்திரி. அங்கே கொண்டுபோனார்கள். டாக்டர் பார்த்து, ஆபத்து தாண்டிவிட்டது, ஆனால் தேர் முடிகிற வரைக்கும் கண்காணிப்பில் இருக்கட்டும் என்றார். அவர் நெஞ்சிலும் ஒரு சின்னப் பெட்டி ஏறியது.

காசிராஜன் மாரிச்செல்வியைக் கூப்பிட்டார். "ஏம்மா, ஒங்கப்பாவ இங்க ராஜபாளையத்துக்கு மாத்திருவோம். ஆம்புலன்ஸ் அனுப்புறேன். தேரன்னைக்கு அங்க எதுக்கு?"

அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் அவளைச் சுட்டது.

"அந்த வார்டுல இருக்க மத்தவியளையும் மாத்துவீங்களா சார்?"

"அம்புட்டுப் பேருக்கு நான் இங்க பெட்டுக்கு எங்க போவேன்?"

"அப்ப எங்கப்பாவும் அங்கனயே இருக்கட்டும் சார். எங்கப்பாவ மட்டும் தூக்கிட்டு வந்துட்டு, அடுத்தவுக அப்பாவுக்கு நான் போட்டது போதும்னா, எனக்கு எதுக்கு சார் இந்த வேலை?"

"நின்னுபோச்சுன்னா?"

"நின்னுபோச்சுன்னா மதுரைக்காரவியளுக்கு நீங்க போன் போட வேண்டாம். நானே போட்டு, சாவியக் குடுத்துட்டுப் போறேன்."

சொல்லிவிட்டாள். சொன்னபோது தலை நிமிர்ந்துதான் இருந்தது. மாடிப்படி இறங்கும்போதுதான் சொன்னது உறைத்தது. பெற்ற அப்பனைப் பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறோமோ என்று ஒரு நிமிஷம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விஷயம் கேள்விப்பட்ட மலைச்சாமி, "சரிதான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அவர் எப்போதும் அப்படித்தான். மகள் மாநிலத்தில் முதல் மார்க் வாங்கியிருந்தாலும் "சரிதான்" என்றுவிட்டுச் செய்தித்தாளை விரிக்கிற ஆள்.

தேரன்று கிளையில் இருக்க வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். காசிராஜன் விடவில்லை. "நீ கன்ட்ரோலர் முன்னால இருந்து பாத்துக்கிட்டே இரும்மா" என்றார். கேபிள் போன பிறகு கன்ட்ரோலருக்குக் கண் தெரியாது, அதன் முன்னால் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்று எவ்வளவோ சொன்னாள். மேனேஜர் சொன்னால் சொன்னதுதான்.

காலையில் கேபிளைக் கழற்றினார்கள். ராஜபாளையம் திரையில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தட்டுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஒன்று, இன்னொன்று, பிறகு மொத்தமும். காசிராஜனின் முகம் வெளுத்தது.

"என்னம்மா, எல்லாம் செத்துப்போச்சு!"

"சாகல சார். இங்க இருந்து நமக்குத் தெரியல, அம்புட்டுத்தான். அதது அங்க ஓடிக்கிட்டிருக்கும்."

"ஓடுனா பச்சையா இருக்கணும்ல?"

"பாக்க முடியாததுக்கும் சிவப்புத்தான் சார் போடும். அதுக்கு வேற நெறம் தெரியாது."

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், வந்தார். கிளைக்குப் போன் போட்டால் லைன் கிடைக்கவில்லை. தேருக்கு வந்த ஜனம் அத்தனையும் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே நிற்கிறாய், நான் தேருக்குப் பின்னால் நிற்கிறேன் என்று பேசிக்கொண்டிருக்கும்போது டவர் என்ன செய்யும்? மாரிச்செல்வியும் போட்டுப் பார்த்தாள். அப்பாவின் துடிப்பு அந்தச் சிவப்புக்குப் பின்னால் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெரியும் என்பது வேறு, பார்ப்பது வேறு.

காசிராஜன் விடாமல் போட்டதில் ஒரே ஒரு தடவை லைன் விழுந்தது. எடுத்தது கிளையின் எலெக்ட்ரீஷியன் சங்கையா. மேனேஜர் மூச்சுவிடாமல் கத்தினார். "சங்கையா! அந்த வைஃபை ரூம் மெயின் சுவிட்ச அணைச்சு ஒரு தடவை போடு! எல்லாத்தையும்! கேக்குதா?" லைன் அறுந்துபோனது. பெரிய காரியம் முடித்தவர் மாதிரி நெற்றியைத் துடைத்தார்.

"சார்! என்ன சார் பண்ணிட்டீக!"

"எதுக்கும்மா கத்துத? டி.வி. நின்னா, போன் நின்னா அதத்தான பண்ணுவோம்? ஒரு தடவை அணைச்சுப் போட்டா சரியாப் போயிரும்."

அடப்பாவி மனுஷா! ஓடுகிற வண்டியை யாராவது நிறுத்தி ஸ்டார்ட் செய்து பார்ப்பார்களா? வெள்ளைத் தட்டுகளைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. அணைத்துப் போட்டாலும் அவை மறக்காது, அதைச் சோதித்திருந்தாள். பயமெல்லாம் அந்தச் சின்ன ரவுட்டரைப் பற்றித்தான். நம்பர் கொடுக்கிற வேலையை அதற்கு எழுதிக் கொடுத்தாளே, எழுதியதைச் சேமித்தாளா? சேமிக்காவிட்டாலும் கரண்ட் இருக்கிற வரைக்கும் ஓடும். அணைத்தால் அத்தனையும் மறந்துபோகும். சேமித்த ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கு இசக்கியக்கா வைதுகொண்டிருந்தாள், அவசரமாக எழுந்த ஞாபகமும் இருக்கிறது. ஊருக்குப் பஸ் ஏறிய பிறகு கேஸ் சிலிண்டரை மூடினோமா என்று நினைத்து நினைத்து, மூடியதா திறந்ததா என்றே தெரியாமல் போகுமே, அந்த நிலைமை அவளுக்கு.

ஸ்கூட்டி சாவியை எடுத்தாள். "நான் போறேன் சார்."

"எம் காரு இருக்கே."

"காரு உள்ள போகாது சார், இன்னைக்குத் தேரு."

"அப்ப நானும் வாரேன்" என்று, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார் காசிராஜன். பயந்தவர்தான், ஆனால் ஓடி ஒளிகிறவர் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். வழியெல்லாம், "மெதுவாம்மா, மெதுவாம்மா" என்று தோளுக்குப் பின்னால் முனகிக்கொண்டே வந்தார். அவள் காதில் விழவே இல்லை.

மடவார் வளாகத்தோடு போலீஸ்காரர் வண்டியை மறித்துவிட்டார். ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தார்கள். நடந்தார்கள் என்று சும்மா சொல்வது, ஜனம் தள்ளிக்கொண்டு போனது. நீர்மோர்ப் பந்தல், பலூன்காரன், தோளில் குழந்தையை வைத்த அப்பன்மார், நனைந்த ரோடு. காசிராஜனின் ஒரு செருப்பு எங்கேயோ மாட்டிக்கொண்டு நின்றுவிட்டது. மற்றதையும் உதறிவிட்டு வெறுங்காலோடு வந்தார். தேர் இன்னும் முக்குத் திரும்பவில்லை, ஆனால் வடம் பிடிக்கிறவர்களின் சத்தம் நெஞ்சுக்குள் இடித்தது. ஆஸ்பத்திரி வாசலில் போஸ்ட்டைப் பார்த்தாள். அவர்களுடைய கேபிள் சுருளாகக் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

கீழே ஜெனரேட்டர் பக்கத்தில் சங்கையா நின்றார். அவளைப் பார்த்ததும் வெள்ளந்தியாகச் சிரித்தார். "சார் சொன்னாவல்ல தாயி, அப்பவே அணைச்சுப் போட்டுட்டேன். எல்லாத்தையும்."

படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறினாள். பாதியிலேயே இசக்கியம்மாளின் சத்தம் வார்டே அதிரும்படி கேட்டது. என்ன சொல்கிறாள் என்று பிடிபடவில்லை. ஐயோ, அப்பா என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினாள்.

அப்பாவின் கட்டில் காலியாகக் கிடந்தது.

"மனுசனா நீரு! எந்திரிக்காதேயும்னு எத்தனை தடவை சொன்னேன்! இங்கன வந்து எட்டிப் பாக்கீரே!"

வார்டின் கோடி ஜன்னல். கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவர் போல மலைச்சாமி நின்றார். மற்றொரு கையை இசக்கியம்மாள் பிடித்திருந்தாள்.

"ஏட்டி செல்வி, வந்துட்டியா? ஒங்கப்பன் லட்சணத்தப் பாரு" என்று அவளிடம் திரும்பினாள். "எல்லாரும் தேருச் சத்தத்துல அசந்திருக்கம்னு நெனைச்சு, நைஸா எந்திரிச்சு வந்திருக்காரு. நான் பாக்கவே இல்ல. மேசையில மிஷினு கத்துது, துடிப்பு ஏறுது ஏறுதுன்னு. ஓடியாந்தா கட்டிலக் காணோம்... அதாவது கட்டிலு இருக்கு, ஆளக் காணோம்!"

மாரிச்செல்விக்கு முதலில் எதுவும் ஏறவில்லை. "மிஷினு கத்துச்சா?"

"பின்ன? இப்பவும் கத்திக்கிட்டுத்தான கெடக்கு. காதுல விழலையா?"

விழுந்தது. வார்டின் அந்தக் கோடியில், மேசைத் திரையில், ஒரு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. அவள் வாழ்க்கையில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

"சங்கையாண்ணே அணைச்சாரே அக்கா."

"ஆமா, அந்தக் கூறுகெட்ட மனுசன் அணைச்சான். செத்த நேரம் போச்சு. நீ சொன்ன மாதிரி கட்டிலுக்கு ஒரு புள்ளைய உக்காத்தி வச்சேன். பொறவு அதுவாவே வந்துருச்சு, ஒண்ணும் தொடவே இல்ல. ஆமா, இந்த வருசம் கேபிளக் கழட்டலையா? நல்லாவே ஓடுதே!"

பின்னால் மூச்சிரைக்க வந்து நின்ற காசிராஜன் இதைக் கேட்டார். ஜன்னலுக்குப் போனார். கீழே போஸ்ட்டில் தொங்கிய சுருளைப் பார்த்தார். திரும்பி, விடாமல் அடித்துக்கொண்டிருந்த மேசைத் திரையைப் பார்த்தார். வெறுங்காலோடு, கசங்கிய சட்டையோடு, மறுபடியும் எட்டிச் சுருளைப் பார்த்தார்.

மலைச்சாமி அவரிடம்தான் முறையிட்டார். "பாருங்க சார். பட்டாளத்துல சென்ட்ரி டூட்டிக்காரன் கண்ணுல மண்ணத் தூவிட்டு வெளிய போயிட்டு வந்திருக்கேன். எவனும் புடிச்சதில்ல. இவ போட்டு வச்ச காவல்ல ரெண்டு எட்டு வைக்க முடியல."

இசக்கியம்மாளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரைக் கேட்டு, ஒரு நாற்காலியை ஜன்னலோரம் போட்டு அவரை உட்காரவைத்தாள். "இதுல இருந்து அசைஞ்சீருன்னா கட்டிப்போட்டுருவேன்" என்று எச்சரித்துவிட்டு மேசைக்குப் போய் மணியை நிறுத்தினாள்.

தேர் முக்குத் திரும்பியது. ஜன்னலுக்கு நேரே கோபுரம் மாதிரி எழும்பி, அசைந்து அசைந்து வந்தது. வார்டில் எழுந்து உட்கார முடிந்தவர்கள் எல்லாம் கைகூப்பினார்கள். மாரிச்செல்வி அப்பாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றபாடில்லை, அவளும் துடைக்கவில்லை. நான் போட்டது தாங்கியது, அணைத்துப் போட்டும் தாங்கியது, ரவுட்டரில் சேமித்துத்தான் வைத்திருந்தேன் என்று அவளுக்கு ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டும் போல இருந்தது. தெருவில்தான் ஊரே கூடி நின்றதே, ஒருத்தருக்கும் விஷயம் தெரியாது.

காசிராஜன் மலைச்சாமியின் பக்கத்தில் வந்து குனிந்தார். "ஐயா, ஒங்க பொண்ணு சொன்ன சொல்லக் காப்பாத்திருச்சு. நாந்தான் அவசரப்பட்டு கெடுக்கப் பாத்தேன். மதுரைக்காரங்களுக்கு வரவேண்டாம்னு சொல்லிட்டேன்னு வச்சுக்கோங்க. இந்த வார்டு இனி இவ பொறுப்பு, ராஜபாளையமும்தான். இப்படி ஒரு பொண்ணப் பெத்ததுக்கு ஒங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கணும்."

மலைச்சாமி தேரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முகத்தில் ஒரு ரோமம் அசையவில்லை. பட்டாளத்துக்காரர் அணிவகுப்பில் நிற்கிற மாதிரி முதுகை நிமிர்த்தி வைத்திருந்தார்.

"சரிதான்" என்றார்.

காசிராஜனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மாரிச்செல்வி சிரித்துக்கொண்டாள், அப்பாவிடம் அதற்கு மேல் என்ன எதிர்பார்ப்பது.

வார்டின் அந்தக் கோடியில் மறுபடியும் மணி அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு இசக்கியம்மாள் அங்கிருந்தே கத்தினாள்.

"ஏட்டி செல்வி! அங்கன என்ன சொல்லித் தொலைச்சீக? ஒங்கப்பா உக்காந்த எடத்துலதான இருக்காரு, இங்க இம்புட்டு ஏறுது!"